வாசகர் கேள்வி – பதில்: ‘வெளியே சொல்லமாட்டாள்’ என்கிற தைரியம்

போன மாதம் இந்தப் பகுதியில், ரயிலில் பெண்கள் பெட்டியில் போன ஒரு கர்ப்பிணிப் பெண்ணிடம் ஒருவன் அத்துமீறி, வெளியே தள்ளிவிட்டதைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். காரணம் இருட்டும் இல்லை, உடையும் இல்லை. இவள் வெளியே சொல்லமாட்டாள், சொன்னாலும் யாரும் நம்பமாட்டார்கள் என்று அவனுக்கு இருக்கும் தைரியம்தான் என்பது சுருக்கம். கடிதங்கள் கட்டுக்கட்டாக வந்துவிட்டன. பாதி திட்டு, பாதி கேள்வி. சினிமா, அரசியல், ஆன்மிகக் கேள்வி அனுப்பியவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், இந்த மாதம் முழுப் பக்கமும் இதற்குத்தான்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், சத்துவாச்சாரி

*ராத்திரி பன்னிரண்டு, ஒரு மணிக்கு ஒரு பெண்ணுக்கு சினிமா எதற்கு, ஷேர் ஆட்டோ எதற்கு என்று கேட்டால் உடனே எங்களைப் பிற்போக்குவாதி என்கிறீர்கள். நம் ஊர் வழக்கில் அந்தப் பெண் வீட்டில் இருந்திருந்தால் அது நடந்திருக்குமா?*

ஐயா, 2022 மார்ச்சில் காட்பாடிப் பக்கம் சினிமா பார்த்துவிட்டு வந்த பெண்ணை ஷேர் ஆட்டோவில் கடத்திக் கூட்டாகச் சீரழித்ததைத்தான் சொல்கிறீர்கள். அந்தப் பெண் தனியாகப் போகவில்லை, நண்பர் கூட இருந்தார். ஷேர் ஆட்டோவில் ஏற்கனவே ஆள் உட்கார்ந்திருந்ததால், நாலு பேர் போகிற வண்டிதானே என்று நம்பி ஏறினார்கள். ஏறியிருந்தவர்கள் பயணிகளே இல்லை. ‘துணையோடு போ, ஆள் இருக்கிற வண்டியில் ஏறு’ என்று நாம் சொல்லிக்கொடுத்த இரண்டையும் அவர் செய்திருக்கிறார்.

இன்னொன்று. நம்முடைய வேலூர் யாரை நம்பிப் பிழைக்கிற ஊர்? உங்களுக்கோ எனக்கோ ராத்திரி ரெண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் டிரிப் ஏற்ற வருகிறவள் ஒரு பெண். நைட் டூட்டி முடித்து அவள் அறைக்குப் போக வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனி பஸ்சுக்காக மார்கழிப் பனியில், விடிவதற்கு முன்னால் சாப்பாட்டு டப்பாவோடு ரோட்டோரம் நிற்பதும் பெண்கள்தான். ‘இந்த நேரத்தில் ஏன் வெளியே வந்தாய்’ என்று அவர்களிடம் கேட்டால், ஊரில் பாதி வீட்டில் அடுப்பு எரியாது.

அந்த வழக்கு எப்படி வெளியே வந்தது தெரியுமா? போலீஸ் அப்போது சொன்னபடி, குடித்துவிட்டுத் தெருவில் சண்டை போட்ட இரண்டு பேரைப் பிடித்து விசாரித்தபோதுதான் விஷயமே தெரிந்தது. பணம், செல்போன் எல்லாம் பிடுங்கியிருக்கிறார்கள், பங்கு பிரிப்பதில் தகராறு. அந்தப் பெண்ணின் புகார் அதற்கப்புறம்தான் வருகிறது. அதாவது அத்தனை நாளும் அவர்கள் இதே ஊரில் நிம்மதியாக நடமாடினார்கள். போலீஸ் பயமே இல்லை, அவள் போகமாட்டாள் என்று அவ்வளவு நிச்சயம். 2025 ஜனவரியில் நாலு பேருக்கு 20 வருடம் கிடைத்தது. ஒருவன் பதினெட்டு வயதுக்குக் கீழே என்பதால் அவன் வழக்கு தனி.

‘வீட்டில் இருந்திருந்தால்’ என்கிறீர்களே. இந்தியா முழுக்கப் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல், செய்தவன் அவளுக்குத் தெரிந்தவன் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை ஒவ்வொரு வருடமும் சொல்கிறது. உறவுக்காரன், பக்கத்து வீட்டுக்காரன், கல்யாணம் பண்ணிக்கொள்கிறேன் என்றவன், மேலதிகாரி. வீடு பத்திரம் என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்கிற ஆறுதல், ஐயா.

எம்.எஸ்., ஆற்காடு

*என்னதான் சொன்னாலும், உடை ஒரு காரணம் இல்லையா?*

இல்லை. 1992 ஜூன் 20-ல் தர்மபுரி மாவட்டம் வாச்சாத்தியில், சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் ஒரு மலைக்கிராமத்துக்குள் புகுந்து 18 பெண்களைச் சீரழித்தார்கள். கூலி வேலை செய்கிற பழங்குடிப் பெண்கள் என்ன உடுத்தியிருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். அங்கே வேலை செய்தது அதிகாரமும் சாதியும். இவர்களைக் கேட்க நாதியில்லை என்கிற எண்ணம். கிட்டத்தட்ட சரியாகவே கணக்குப் போட்டிருந்தார்கள், ஏனென்றால் தீர்ப்பு வர 2011 ஆனது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் செத்தே போயிருந்தார்கள். மிச்சம் 215 பேருக்கும் தண்டனை. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது 2023. முப்பத்தொரு வருடம்.

உடை என்று பேசுகிறவர்கள் ஒரு தடவை, குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களை விசாரிக்கிற போக்சோ நீதிமன்ற வராந்தாவில் போய் உட்கார்ந்து பாருங்கள். ஸ்கூல் யூனிஃபார்மில், அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஆறு வயசு, எட்டு வயசு.

கல்லூரி மாணவி, காட்பாடி

*அக்கா, ‘வெளியே சொல்லமாட்டாள்’ என்ற தைரியம்தான் காரணம் என்று எழுதியிருந்தீர்கள். படித்ததும் கோபம் வந்தது. அப்போ சொல்லாமல் இருப்பது எங்கள் தப்பா?*

கோபம் நியாயம்தான். நாலு வரியில் எழுதினால் அப்படித்தான் தொனிக்கும். விரித்துச் சொல்கிறேன்.

பொள்ளாச்சியை எடுத்துக்கொள். 2019-ல் வெளியே வந்த விவகாரம். பெண்களை ஏமாற்றி வரவழைத்துச் சீரழித்த அந்தக் கும்பலின் கையில் கத்தி இல்லை, செல்போன் இருந்தது. வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு, சொன்னபடி கேள், இல்லாவிட்டால் வெளியே விட்டுவிடுவோம் என்று மிரட்டினார்கள். யோசித்துப் பார், அந்த மிரட்டலுக்கு எங்கிருந்து பலம் வருகிறது? ‘அனுப்புடா, எங்கப்பா உன் பல்லை உடைப்பார்’ என்று ஒரு பெண் சொல்ல முடிந்தால் அந்த வீடியோ அவனுக்கு எதிரான சாட்சி, அவ்வளவுதான். அவளால் அப்படிச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் அப்பா முதலில் யார் பல்லை உடைப்பார் என்பது அவளுக்குத் தெரியும். படிப்பு நிற்கும், செல்போன் பறிபோகும், மாமன் மகனோடு அவசரக் கல்யாணம் நடக்கும். அவன் வீட்டு வாசலில் போய் நிற்பதற்கு முன்னால் இவளைத்தான் ‘நீ எதுக்குடி அங்க போன’ என்று நாலு பேர் சுற்றி நின்று கேட்பார்கள். அவனும் இதே மாதிரி ஒரு வீட்டில்தானே வளர்ந்தான்? ஒரு வீடு எப்படி வாயை மூடும் என்று அவனுக்குத் தெரியும். அந்த மூடுகிற வாயை நம்பித்தான் அவன் கை நீளுகிறது. இதில் உன் தப்பு எங்கே வருகிறது? தப்பு வீட்டுடையது, ஊருடையது.

அப்புறம் அரசாங்கம் செய்தது. புகார் கொடுத்த பெண்ணின் பெயரை ஒரு போலீஸ் உயர் அதிகாரியே பத்திரிகையாளர்களிடம் சொல்லிவிட்டார். பெயரை வெளியிடக்கூடாது என்று 1983-லிருந்தே சட்டம் இருக்கிறது. 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி ஒருவரின் பாலியல் வன்கொடுமை வழக்கிலும் முதல் தகவல் அறிக்கை அப்படியே வெளியே கசிந்தது. அதற்காக உயர் நீதிமன்றம் அந்த மாணவிக்கு 25 லட்சம் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது. காசு சரி, கசிந்தது கசிந்ததுதானே? அடுத்து எங்கோ ஒரு ஹாஸ்டலில் புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த பெண் அன்றைக்கே ‘வேண்டாம்’ என்று முடிவெடுத்திருப்பாள்.

ஆனால் இதையும் கேள். பொள்ளாச்சியில் இத்தனைக்கும் பிறகு நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன பெண்கள் ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே மாதம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை ஆயுள். பெயர் வெளியே வராமல், முகம் தெரியாமல், இன்றைக்கும் எங்கோ வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற அந்தப் பெண்கள்மேல் எனக்கிருக்கும் மரியாதை சாதாரணமானதில்லை.

இல்லத்தரசி, குடியாத்தம்

*டாஸ்மாக்கை மூடினால் பாதி குறையும் என்கிறேன். சரியா?*

வீட்டுக்குள் அடி உதை குறையும், அதில் சந்தேகமில்லை. குடிகாரக் கணவனோடு குடித்தனம் பண்ணுகிறவளிடம் போய் ‘குடி காரணமில்லை அம்மா, ஆணாதிக்கம்தான் காரணம்’ என்று பாடம் நடத்துவது கொழுப்பு. ஆனால் காட்பாடி – பாகாயம் டவுன் பஸ்ஸில் சாயங்காலம் ஏறிப் பாருங்கள். நிற்கக்கூட முடியாமல் தள்ளாடுகிறவன், கண்டக்டர் ஒரு சத்தம் போட்டால் ஒழுங்காக நகர்ந்து நிற்கிறான். பக்கத்தில் பொண்ணு நின்றால்தான் போதை தலைக்கு ஏறிவிடுகிறது. போதையிலும் யார்மேல் சாயலாம், யார்மேல் சாயக்கூடாது என்று அவனுக்குத் தெளிவாகத் தெரிகிறது. சரக்கு கூச்சத்தைக் கழற்றுகிறது, சரி. உள்ளே இருந்த எண்ணத்தை ஊற்றியது சரக்கு இல்லை.

கூத்து ரசிகன், ஆரணி

*எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால் துகில் கூத்து அன்றைக்கு ஆண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், அழுகிறார்கள். அதே ஆட்கள் மறுநாள் டீக்கடையில் பெண்களைப் பற்றிப் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. இது எப்படி ஒரே மனுஷனுக்குள் இருக்கிறது?*

இந்த மாதத்துக் கடிதங்களில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். வட ஆற்காட்டுக்காரர்கள் மட்டும்தான் இப்படிக் கேட்க முடியும்.

துகில் கூத்தில் எனக்கு மறக்காதது துகில் உரிகிற இடமில்லை, அதற்கு முந்தின நிமிஷம். துச்சாதனன் வேஷக்காரர் அதுவரை சபையை அதிரவைத்து ஆடியிருப்பார். புடவையில் கை வைக்கும் முன்னால் கற்பூரம் ஏற்றி, திரௌபதி வேஷம் கட்டியவரை விழுந்து கும்பிட்டு, ‘தாயே, இது வேஷம், என்னை மன்னிச்சிடு’ என்று வேண்டிக்கொள்வார். அந்த வேஷத்துக்குள் இருப்பதும் பெரும்பாலும் ஒரு ஆண்தான், ராத்திரி சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து தின்றவர். ஆனாலும் பயம், ஏனென்றால் அவள் தெய்வம். கேட்பதற்கு ஆள் உண்டு, கை வைத்தால் வம்சம் அழியும். டீக்கடையில் பேசப்படுகிற பெண்ணுக்கு அந்த மாதிரி யாரும் இல்லை. அதுதான் உங்கள் ஒரே மனுஷனுக்குள் இருக்கிற ரகசியம். கும்பிடுவது பெண்ணை என்று நினைத்துவிடாதீர்கள், பழிவாங்கும் சக்தியை.

அதே கூத்தில் திரௌபதி சபையைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறாள். தன்னைத்தானே முதலில் தோற்றவனுக்கு, அப்புறம் என்னைப் பணயம் வைக்க என்ன உரிமை? பீஷ்மர் முதல் துரோணர் வரை ஒருத்தருக்கும் நேரான பதில் வரவில்லை. ராத்திரி முழுக்க துச்சாதனனைத் திட்டுகிறோம், வாய் மூடி உட்கார்ந்திருந்த பெரியவர்களை யாரும் திட்டுவதில்லை. தர்மரையும் திட்டுவதில்லை. பெண்டாட்டி புருஷனுடைய சொத்து, அதை வைத்து ஆடலாம் என்று அந்த மண்டபமே ஏற்றுக்கொண்டதால்தான் துச்சாதனன் எழுந்து போய் முடியைப் பிடிக்கிறான்.

இது பழைய கதை என்று விட்டுவிட முடிந்தால் நன்றாக இருக்கும். 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவை எடுத்துப் பாருங்கள். 63-வது பிரிவில் பாலியல் வல்லுறவு என்றால் என்ன என்று விளக்கிவிட்டு, பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட மனைவியிடம் கணவன் அதைச் செய்தால் அது வல்லுறவு ஆகாது என்று விதிவிலக்கு கொடுத்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் எழுதிவைத்தது, வயது மட்டும் மாறித் தாண்டி வந்துவிட்டது. இந்த விதிவிலக்கு செல்லுமா என்ற கேள்விக்கு 2022-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனால் உடல் அல்லது பாலியல் வன்முறையைப் பார்த்திருக்கிறார்கள் என்று 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. தாலி கட்டியவனுக்கு அனுமதி தேவையில்லை என்று பார்த்து வளர்கிற பையன், தாலி கட்டாத இடத்தில் மட்டும் திடீரென்று அனுமதி கேட்கப் போகிறானா?

ஆர்.கே., வாலாஜாபேட்டை

*நாலு பேரை நடுரோட்டில் தூக்கில் போட்டால் அடங்கிவிடுவார்கள். ஏன் செய்யமாட்டேன் என்கிறார்கள்?*

போட்டார்களே. டெல்லி நிர்பயா வழக்கில் 2020 மார்ச்சில் நாலு பேரைத் தூக்கிலிட்டார்கள். 2018-லிருந்து பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை என்றால் மரண தண்டனை வரை சட்டத்தில் உண்டு. நாடு முழுக்க வருடத்துக்குப் பதிவாகும் வல்லுறவு வழக்கு அதற்கப்புறமும் முப்பதாயிரத்தை ஒட்டியேதான் நிற்கிறது. 2022-ல் 31,516. அந்த வருடம் தீர்ப்பு வந்த வழக்குகளில் தண்டனை நூற்றுக்கு இருபத்தெட்டைக்கூடத் தொடவில்லை. குற்றவாளிக்குத் தண்டனையின் அளவா முக்கியம்? மாட்டுவோமா மாட்டமாட்டோமா என்பதுதான். அதோடு, செய்தவன் சித்தப்பா என்று வையுங்கள். புகார் கொடுத்தால் தூக்கு என்றால், அந்தக் குழந்தையின் பாட்டியே முதலில் காலில் விழுந்து ‘வேண்டாம்மா’ என்பாள். தண்டனையை ஏற்ற ஏற்ற வீட்டுக்குள் வாய் இன்னும் இறுக்கமாக மூடும்.

டி.ஜே., திருப்பத்தூர்

*பெண்கள் பெட்டியில் போயுமா? இனி எதில்தான் போவது?*

போன மாதம் நான் எழுதிய அந்த ரயில் விவகாரத்து ஆள் ஏற்கனவே பெண்கள் சம்பந்தப்பட்ட குற்ற வழக்குகளில் உள்ளே போய் வெளியே வந்தவன். 2025 பிப்ரவரியில் கே.வி.குப்பம் பக்கம் ஓடுகிற ரயிலிலிருந்து அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டான், வயிற்றில் இருந்த குழந்தை போய்விட்டது. உங்கள் ஊர் நீதிமன்றம்தான் ஐந்தே மாதத்தில், ஜூலையில், சாகும் வரை சிறை என்று தீர்ப்பளித்தது. பெட்டிமேல் ‘மகளிர்’ என்று எழுதினால் போதாது, ஆள் நிற்க வேண்டும். இதற்கு ‘சமூகக் காரணம்’ தேடி நான் நேரத்தை வீணாக்கப் போவதில்லை. போலீஸ் போடுங்கள், அவ்வளவுதான்.

வி.ப., திருவலம்

*பெண்ணுக்குப் பெண்ணே எதிரி. ஒத்துக்கொள்கிறீர்களா?*

இதைச் சொல்கிற பெண்ணை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பெயர் வேண்டாம், ஆம்பூர்

*நான் ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருக்கிறேன். சூப்பர்வைசர் டார்கெட் கேட்கும் சாக்கில் மேலே இடித்துக்கொண்டே நிற்கிறார். முறைத்தால் மறுநாள் கஷ்டமான வேலையாகப் பார்த்துக் கொடுக்கிறார். வீட்டில் சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். என்ன செய்வது அக்கா?*

வேலையை விடாதே, முதலில் அது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013 சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும், வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும். குழு இருக்கிறதா என்று எச்.ஆரிடம் கேட்டாலே சூப்பர்வைசர் காதுக்குப் போய்விடும் என்று உனக்குப் பயம் இருக்கலாம். நோட்டீஸ் போர்டில் பேர்கள் ஒட்டியிருக்க வேண்டும், அதைப் போய்ப் பார். தேதி, நேரம், என்ன செய்தான், பக்கத்து மிஷினில் யார் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வை. புகாரைக் கடைசியாக நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். லைனில் இன்னும் இரண்டு பேரிடமாவது அவன் இப்படித்தான் இருப்பான், பேசிப் பார்த்து சேர்ந்து கொடுங்கள். விசாரணை நடக்கும்போது வேறு செக்‌ஷனுக்கு மாற்றிக் கேட்கவும் உரிமை உண்டு. குழுவே இல்லை, அல்லது புகாரே முதலாளிமேல்தான் என்றால் மாவட்ட அளவில் ஒரு குழு இருக்கிறது, கலெக்டர் ஆபீசில் சமூக நல அலுவலரைக் கேள். போனில் என்றால் பெண்கள் உதவி எண் 181.

இரண்டு பையன்களின் அப்பா, மேல்விஷாரம்

*எல்லாப் பழியும் ஆண்கள் தலையில். பொய் வழக்குப் போடுவதில்லையா? என் பையன்களை நினைத்தால் பயமாக இருக்கிறது.*

பொய் வழக்கு உண்டு. இல்லை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன். ஆனால் விடுதலை ஆன வழக்கெல்லாம் பொய் வழக்கு இல்லை, சாட்சி பயந்ததும் மிரண்டதும் அதில்தான் சேரும். நாடு முழுக்க வன்முறைக்கு ஆளான பெண்களில் நூற்றுக்கு 77 பேர் உதவியும் கேட்கவில்லை, யாரிடமும் வாயும் திறக்கவில்லை என்று மேலே சொன்ன அதே குடும்பநல ஆய்வு சொல்கிறது. பொய்யாகச் சொல்கிறவள் ஒருத்தி என்றால் சொல்லாமல் விழுங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

பையன்களுக்காகப் பயப்படுங்கள், வேறு காரணத்துக்கு. மத்திய அரசு 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் தொல்லை அனுபவித்ததாகச் சொன்ன குழந்தைகளில் பையன்கள் பாதிக்குச் சற்று மேல். ‘ஆம்பளப் பையன், அவனுக்கு என்ன’ என்று யாரும் விசாரிப்பதுகூட இல்லை. அவன் கையில் போன் கொடுத்துவிட்டோம், அதில் பெண்ணை அடித்து இழுப்பதெல்லாம் விளையாட்டு மாதிரி ஓடுகிறது, சினிமாவில் கதாநாயகன் ‘வேண்டாம்’ என்றவள் பின்னாலேயே அலைந்து ஜெயிக்கிறான். இதையெல்லாம் பற்றி வீட்டில் ஒரு வார்த்தை பேசமாட்டோம், ஸ்கூலில் அந்தப் பாடத்தை டீச்சர் புரட்டித் தள்ளிவிடுவார். கேட்க ஆளில்லாமல் அவன் போனையே வாத்தியாராக வைத்துக்கொள்கிறான். நீங்கள் பேசுங்கள். முதல் தடவை கேவலமாகத்தான் இருக்கும், பையன் எழுந்து ஓடுவான். பரவாயில்லை.

பெயர் வேண்டாம், பேரணாம்பட்டு

*என் அக்கா மகளுக்குப் பதிமூன்று வயது. தெரிந்தவர் ஒருவர் தப்பாக நடந்துகொண்டார். ஊர்ப் பெரியவர்கள் பேசி, ஐம்பதாயிரம் வாங்கிக் கொடுத்து, இனி பேசக்கூடாது என்று இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். மகளிர் காவல் நிலையத்திலும் ‘பொண்ணு வாழ்க்கைய யோசிங்க’ என்றுதான் சொன்னார்கள். இனி ஏதாவது செய்ய முடியுமா?*

முடியும். அந்தக் கையெழுத்துக்கு மதிப்பே கிடையாது. இந்தக் குற்றத்தில் சமரசம் பேச ஊருக்கு மட்டுமில்லை, நீதிமன்றத்துக்கே அதிகாரமில்லை. 2015-ல் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே, தண்டனை பெற்ற ஒருவரை ‘பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்’ என்று ஜாமீனில் அனுப்பினார்கள். அந்தப் பெண் ‘முடியாது’ என்றார். அடுத்த சில நாளில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், வல்லுறவு வழக்கில் சமரசம் என்ற பேச்சே கூடாது என்று சொன்னது. உயர் நீதிமன்றம் தன் உத்தரவைத் திரும்பப் பெற்றது.

குழந்தைக்குப் பதினெட்டுக்குள் என்பதால் இது போக்சோ. விஷயம் தெரிந்தும் சொல்லாமல் மறைப்பதே ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம், அந்தப் பெரியவர்களுக்கும் சேர்த்து. முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்யுங்கள், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஆள் வருவார்கள். அந்த ஸ்டேஷனே எடுக்கவேண்டும் என்பதில்லை, எந்த ஸ்டேஷனிலும் புகார் பதிவு செய்து உரிய இடத்துக்கு அனுப்பலாம். பதிய மறுக்கிற போலீஸ்காரர்மேலேயே வழக்கு போடச் சட்டம் இருக்கிறது, தபாலில் எஸ்.பி.க்கு ஒரு மனு அனுப்பி ஒப்புகைச் சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போக வேண்டாம். பெண் போலீஸ் உங்கள் வீட்டுக்கு வந்து, காக்கி போடாமல், வாக்குமூலம் வாங்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியோ தனியாரோ, சிகிச்சைக்குக் காசு கேட்கக்கூடாது, எஃப்.ஐ.ஆர். எங்கே என்றும் கேட்கக்கூடாது. வழக்கு முடியும் முன்பே இடைக்கால நிவாரணம் கேட்கலாம், வேலூர் கோர்ட் வளாகத்தில் இருக்கிற சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம்.

அந்த ஐம்பதாயிரத்தைச் செலவு செய்யாமல் அப்படியே வையுங்கள். ஊரில் எழுதி வாங்கின பேப்பரைக் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள், அதில் யார் யார் கையெழுத்து இருக்கிறதோ அத்தனை பேருக்கும் விஷயம் தெரியும் என்பதற்கு அதுதான் சாட்சி. ஜெராக்ஸ் இரண்டு எடுத்து ஒன்றை வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.